சாயங்கால இங்கிலீஷ் வகுப்பில் நம் முதுகை ஒடிக்கும் தவறுகள்

மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு மாடியறையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித் தருகிறேன். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கணக்கு எழுதும் பையன், நர்சிங் முடித்து வெளிநாட்டு வேலைக்குத் தயாராகும் பெண், துணிக்கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் என்று பல தினுசாக வருவார்கள். முதல் இரண்டு வருஷம் தினமும் தொண்டை கட்டி, வீட்டுக்கு வந்தும் நோட்டுக் கட்டோடு உட்கார்ந்து, போதுமடா சாமி என்று ஆகிவிட்டது. அவ்வளவு பாரமும் நானே தூக்கி வைத்துக்கொண்டது என்று பிறகுதான் புரிந்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, வகுப்பில் தமிழுக்குத் தடை போடுவது. தமிழ் பேசினால் 5 ரூபாய் அபராதம் என்று போர்டில் எழுதி வைத்திருந்தேன். இங்கிலீஷ் வரவில்லை, தமிழும் நின்றுபோய், நான் மட்டும் ஒன்றரை மணி நேரம் கத்திக்கொண்டிருந்தேன். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள், ஏனென்றால் பிள்ளைகள் செய்யும் தவறுகளில் பாதிக்குக் காரணமும் மருந்தும் தமிழிலேயே இருக்கிறது. 'நான் இட்லி சாப்பிடுகிறேன்' என்பதைத் தினமும் சாப்பிடுவதற்கும் சொல்கிறோம், இப்போது வாயில் இருப்பதற்கும் சொல்கிறோம். இங்கிலீஷில் அது 'ஐ ஈட்', 'ஐ ஆம் ஈட்டிங்' என்று இரண்டு வடிவம். அதனால்தான் 'ஐ ஆம் ஈட்டிங் இட்லி டெய்லி' என்று வருகிறது. இதைத் தமிழில் ஐந்து நிமிஷம் பேசிவிட்டால், அப்புறம் மாசக்கணக்கில் திருத்த வேண்டியதில்லை.

அதேபோல 'பிரசன்ட் பெர்ஃபெக்ட்' என்று பெயர் சொன்னதும் முகம் வாடிவிடும். பெயரை விடுங்கள். 'திருமலை நாயக்கர் மகால் பார்த்திருக்கிறாயா?' என்று கேளுங்கள், அதுதான் 'ஹேவ் யூ சீன் தி மகால்?' 'எப்போது பார்த்தாய்?' என்றால் 'வென் டிட் யூ சீ இட்?' ஏறக்குறைய நம் மொழியிலேயே இந்த ஏற்பாடு இருக்கிறது. முக்கியமாக ஒரு இடத்தில் காலை வாரும்: 'போன வருஷம் பார்த்திருக்கிறேன்' என்று தமிழில் சொல்லலாம், இங்கிலீஷில் 'லாஸ்ட் இயர்' வந்துவிட்டால் 'ஐ சா இட்' தான். அந்த ஒரு இடத்தை மட்டும் அழுத்திச் சொன்னால் போதும். பன்னிரண்டு காலங்களையும் சார்ட் அடித்துச் சுவரில் ஒட்டுவது நம் திருப்திக்குத்தான் உதவும்.

உச்சரிப்பும் அப்படித்தான். 'பென்', 'பென்ச்' இரண்டுக்கும் எழுத்தில் ஒரே ப, என்ன செய்வது என்று திணறுவார்கள். பம்பரம் என்று சொல்லச் சொல்லுங்கள். முதல் ப ஒரு சத்தம், நடு ப வேறு சத்தம். இரண்டும் ஏற்கெனவே வாயில் இருக்கிறது, எழுத்துதான் காட்டவில்லை.

அடுத்தது, பேசப் பேசத் திருத்துவது. அந்தப் பூ மார்க்கெட் பையன் முதல் மாசம் வாயே திறக்கவில்லை. ஒருநாள் மல்லிகை விலை எப்படி ஏறுகிறது என்று கேட்டேன். 'மார்னிங் ரேட் ஹை சார், முகூர்த்தம் டே மச் ஹை, மழை கம், ஃப்ளவர் நோ கம்' என்று கையை ஆட்டி ஆட்டி மூன்று நிமிஷம் விடாமல் பேசினான். நாக்கைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். முடித்த பிறகு அவன் சொன்னதிலிருந்தே ஒரு வாக்கியத்தை மட்டும் போர்டில் எழுதினேன்: 'இஃப் இட் ரெயின்ஸ், தி ஃப்ளவர்ஸ் டோன்ட் கம்.' மறுநாள் அதே அச்சில் நாலு வாக்கியம் அவனாகவே எழுதிக்கொண்டு வந்தான், எல்லாம் பூ வியாபாரம். நடுவில் நிறுத்தித் திருத்தியிருந்தால் அந்தப் பேச்சு அன்றோடு முடிந்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன்.

நோட்டுத் திருத்துவதிலும் இதே கதைதான். 24 நோட்டில் எல்லாத் தவறையும் சிவப்பு மையில் வட்டம் போட்டால் நமக்கு ராத்திரி பதினொன்று ஆகும், அவர்கள் மதிப்பெண் மட்டும் பார்த்து மூடிவிடுவார்கள். வாரத்துக்கு ஒரு தவறு என்று வைத்துக்கொள்ளுங்கள். 'ஹி கோ' என்று எழுதுகிறார்களா, அந்த வாரம் வினைச்சொல்லின் அடியில் மட்டும் கோடு, திருத்துவது அவர்கள் வேலை. போகிறேன், போகிறாய், போகிறான் என்று தமிழில் எல்லாருக்கும் வால் உண்டு, இங்கிலீஷில் ஹி, ஷி, இட் மூன்றுக்கு மட்டும்தான் அந்த 'எஸ்' வால் என்று சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். 'எ', 'தி' எங்கே போடுவது என்பதற்கு அவசரப்படாதீர்கள். தமிழில் 'தி'க்கு நேரான சொல்லே இல்லை, அது காது பழகித்தான் வரும்.

ஆள் ஆளுக்கு ஒரு நிலையில் இருக்கிறார்களே என்று ஒவ்வொருவருக்கும் தனிப் பாடம் தயாரிக்கவும் வேண்டாம். நர்சிங் பெண்ணை நர்ஸாகவும் துணிக்கடை அண்ணனை நோயாளியாகவும் உட்கார வையுங்கள். அவர் 'ஸ்டமக் பெயின் சிஸ்டர்' என்பார், அந்தப் பெண் 'சின்ஸ் வென்?' என்று கேட்கும். ஒரே பாடம்தான், அவரவர் தரத்துக்குப் பேசிக்கொள்வார்கள். அந்தப் பத்து நிமிஷமும் நான் ஜன்னல் ஓரம் நின்று, யார் எங்கே தடுமாறுகிறார்கள் என்று துண்டுச்சீட்டில் குறித்துக்கொள்வேன். அடுத்த நாள் பாடம் அந்தச் சீட்டுதான்.