தூண்களுக்கு இடையே காரை நிறுத்தும்போது கண்ணாடியில் தூரம் பார்ப்பது எப்படி?

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் தரைத்தளத்தில் ஒரு காருக்குக் கிடைக்கும் இடம் பல நேரங்களில் 2.5 மீட்டர் அகலமே இருக்கும். 1.7 மீட்டர் அகலமுள்ள காரை நட்டநடுவில் நிறுத்தினால் இருபுறமும் 40 செ.மீ. மிஞ்சும், பக்கத்தில் தூண் இருந்தால் கதவைத் திறந்து இறங்க அது போதாது. ஆகவே இடப்புறம் 20 செ.மீ. மட்டும் விட்டு, மீதி 60 செ.மீ.யை ஓட்டுநர் இறங்கும் வலப்புறத்துக்கு ஒதுக்குவதே வசதி. ஆனால் அந்த 20 செ.மீ.யைக் காட்ட வேண்டிய இடப்பக்கக் கண்ணாடிதான் நம் கண்ணுக்கு எட்டத்தில் இருக்கிறது. அது குவி ஆடியாகவும் இருப்பதால், பரந்த காட்சியைக் காட்டுவதற்காகப் பொருள்களைச் சிறிதாக்கி, உள்ளதைவிடத் தள்ளி இருப்பதுபோல் தோன்றச் செய்கிறது.

எனவே கண்ணாடியில் தெரியும் தூரத்தை நம்பாமல், உங்கள் காரில் உங்கள் இருக்கையிலிருந்து பார்க்கும்போது 20 செ.மீ. எப்படித் தெரிகிறது என்பதை ஒருமுறை அளந்து மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். இருக்கையை வழக்கமான நிலையில் வைத்து, காரின் பக்கவாட்டு உடல் கண்ணாடியின் உள்விளிம்பில் மெல்லிய பட்டையாகத் தெரியுமாறும், பின்சக்கரம் தரையைத் தொடும் இடம் புலப்படுமாறும் கண்ணாடியைச் சற்றுக் கீழே சாய்த்துக்கொள்ளுங்கள். பிறகு காலியான இடத்தில், இடப்பக்கச் சக்கரங்களிலிருந்து 20 செ.மீ. தள்ளி ஒரு கோடும் 40 செ.மீ. தள்ளி இன்னொரு கோடும் காருக்கு இணையாகச் சாக்பீஸால் நீளமாகப் போட்டுவிட்டு, உள்ளே அமர்ந்து பாருங்கள். ஒவ்வொரு கோடும் பின்கதவின் கைப்பிடிக்கு எத்தனை விரல்கடை தள்ளித் தெரிகிறது என்பதே உங்கள் அளவுகோல்.

அப்போது ஒன்றைக் கவனிப்பீர்கள்: கார் கோட்டுக்கு இணையாகவே நின்றாலும், இடைவெளி பின்னோக்கிப் போகப் போகக் குறுகுவதாகத் தெரியும். புதிதாக ஓட்டுபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். வண்டி கோணலாக நிற்கிறது என்று நினைத்து ஸ்டியரிங்கைத் திருப்பி, நேராக இருந்ததை உண்மையிலேயே கோணலாக்கிவிடுகிறார்கள். தரையில் இருபுறமும் கோடு இருந்தால், இரண்டு கண்ணாடிகளிலும் அந்தக் குறுகல் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

பின்பக்கத் தூரத்துக்கு நடுக்கண்ணாடி உதவும். அது சமதளமாக இருப்பதால் தூரத்தை மாற்றிக் காட்டாது; ஆனால் பின்கண்ணாடியின் கீழ்விளிம்புக்குக் கீழே உள்ள எதுவும் அதில் தெரியாது. பம்பரிலிருந்து ஒரு மீட்டர், பிறகு அரை மீட்டர் தள்ளி ஒரு துடைப்பத்தை நிமிர்த்தி வைத்து, அது எவ்வளவு மறைகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 2019 ஜூலை முதல் புதிய கார்களில் பின்பக்க சென்சார் கட்டாயம் என்றாலும், தாழ்வான கல்லையும் மெல்லிய கம்பியையும் அது தவறவிடக்கூடும். சந்தேகம் வந்தால் ஹேண்ட்பிரேக் போட்டு இறங்கிப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பின்னால் மட்டும் கண் இருந்தாலும் போதாது. ஸ்டியரிங்கை ஒடித்துப் பின்னோக்கிச் செல்லும்போது காரின் முன்மூக்கு எதிர்ப்பக்கம் வெளியே வீசும். பக்கத்து வீட்டு வண்டியில் கோடு விழுவது பெரும்பாலும் அப்படித்தான். நிறுத்தி முடித்ததும், கீழே சாய்த்த கண்ணாடியை மறக்காமல் சாலைக்குரிய நிலைக்குத் திருப்பி வையுங்கள்.