"பழைய வேலையை ஏன் விட்டீங்க?" – பெங்களூரு இன்டர்வியூவுக்கு முன்

வைட்ஃபீல்டோ எலக்ட்ரானிக் சிட்டியோ, ஹெச்ஆர் இதைக் கேட்காமல் விடமாட்டார். இரண்டு வாக்கியம் போதும்: "ப்ராஜெக்ட் முடிந்து டீமைக் கலைத்துவிட்டார்கள். டெஸ்டிங்கிலேயே தொடர விரும்புகிறேன்." ஆட்குறைப்பு என்றால் அப்படியே சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. மேனேஜரைக் குறை சொன்னால் மிச்ச நேரம் அதிலேயே போய்விடும்.

தேதியில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். நீங்கள் சொன்ன வேலை விவரங்களைச் சரிபார்க்கும் வெரிஃபிகேஷனில், பழைய கம்பெனி தந்த ரிலீவிங் லெட்டரோடு பிஎஃப் பதிவையும் பார்ப்பதுண்டு. ஆகவே பிஎஃப் கணக்கை நிர்வகிக்கும் இபிஎஃப்ஓவின் மெம்பர் போர்ட்டலில் 'வியூ', அதில் 'சர்வீஸ் ஹிஸ்டரி' போய், சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் ரெஸ்யூமேயோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். விலகிய தேதி காலியாக இருந்தால், பழைய கம்பெனி கடைசியாக பிஎஃப் தொகை கட்டி 2 மாதம் கழித்து 'மேனேஜ்', 'மார்க் எக்ஸிட்' வழியாக நீங்களே பதியலாம். ஆதாரோடு இணைந்த மொபைலுக்கு ஓடிபி வரும்.