கிராமத்திலிருந்து அரசு கலைக் கல்லூரிக்கு: சேர்வதற்கும், நிற்காமல் முடிப்பதற்கும்

பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு அரசு கலை அறிவியல் கல்லூரியில் இடம் கிடைப்பது முன்பு போல் அவ்வளவு கடினமில்லை. தமிழ்நாட்டில் இத்தகைய அரசுக் கல்லூரிகள் 160க்கும் மேல் இருக்கின்றன. பென்னாகரம், லால்குடி போன்ற ஊர்களில் பல்கலைக்கழகமே நேரடியாக நடத்தும் உறுப்புக் கல்லூரிகளாகத் தொடங்கியவையும் அரசுக் கல்லூரிகளாக மாறிவிட்டன. சேர்ந்த பிறகு பாதியில் நின்றுவிடுவதுதான் கவலை. பாடம் கடினம் என்று நிற்பவர்களைவிட, பேருந்து நேரம் ஒத்துவராமல், வருகைப் பதிவு குறைந்து, உதவித்தொகை வராமல் நிற்பவர்கள் ஏராளம். மூன்றையும் மே மாதத்திலேயே பாதி சரிசெய்துவிடலாம்.

முதலில் பெயர்

பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ், வங்கிப் பாஸ்புக் நான்கையும் ஒன்றாக வைத்து, ஆங்கிலத்தில் பெயர் எப்படி இருக்கிறது என்று ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள். இனிஷியல் ஒன்றில் முன்னால் இருக்கும், இன்னொன்றில் பின்னால் இருக்கும். ஆதாரில் இனிஷியலே இருக்காது. ‘முத்துலட்சுமி’ ஓரிடத்தில் ஒரே சொல்லாகவும் மற்றோரிடத்தில் இரண்டாகவும் இருக்கும். கல்லூரிச் சேர்க்கையில் இதைப் பெரும்பாலும் யாரும் கேட்கமாட்டார்கள். செப்டம்பரில் உதவித்தொகைப் பதிவின்போதுதான் கணினி ‘பொருந்தவில்லை’ என்று திருப்பி அனுப்பும்.

மதிப்பெண் சான்றிதழில் உள்ளதே அடிப்படை. மற்றவற்றை அதற்கேற்ப மாற்றுங்கள். ஆதாரில் பெயரை இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரு முறையும்தான் திருத்த முடியும், அதனால் அவசரத்தில் தவறாகத் திருத்தி வாய்ப்பை வீணாக்க வேண்டாம். மதிப்பெண் சான்றிதழிலேயே பிழை என்றால், பள்ளித் தலைமை ஆசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும், அன்றே தொடங்குங்கள்.

சாதிச் சான்றிதழ் ஒருமுறை வாங்கினால் போதும். வருமானச் சான்றிதழைப் புதிதாகக் கேட்பார்கள். பிளஸ் ஒன்னில் வாங்கியது உதவாது. இரண்டுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்.

விண்ணப்பம்

பிளஸ் டூ முடிவு வந்த கையோடு மே மாதத்தில் அரசு கலைக் கல்லூரிச் சேர்க்கைக்கான டிஎன்ஜிஏஎஸ்ஏ (TNGASA) இணையதளம் திறக்கும். இரண்டு மூன்று வாரம்தான் அவகாசம். அண்மை ஆண்டுகளில் விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குப் பதிவுக் கட்டணம் மட்டும். பிரவுசிங் சென்டரில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். அருகிலுள்ள அரசுக் கல்லூரியிலேயே சேர்க்கை உதவி மையம் இருக்கும். அங்கே இலவசமாகப் பதிந்து தருவார்கள். எங்கே பதிந்தாலும் கைபேசி எண் வீட்டில் உள்ளவர்களுடையதாக இருக்கட்டும். கடைக்காரரின் எண்ணைக் கொடுத்தால், கலந்தாய்வுத் தேதி அவருக்குத்தான் குறுஞ்செய்தியாகப் போகும்.

தரவரிசை மூன்று விதம். பி.ஏ. தமிழுக்குத் தமிழ்ப் பாட மதிப்பெண், பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மதிப்பெண், மற்ற எல்லாவற்றுக்கும் மொழிப்பாடம் நீங்கலாக நான்கு பாடங்களின் மொத்தம், அதாவது 400க்கு எவ்வளவு என்பது. மொத்த மதிப்பெண் குறைவாக இருந்தாலும் தமிழில் 95 எடுத்த பிள்ளை தமிழ் இலக்கியப் பட்டியலில் மேலே இருப்பாள். இதை அறியாமல் அந்தப் பாடத்தைக் குறிப்பிடாமலே விட்டுவிடுகிறார்கள்.

எந்த ஷிப்ட், எந்த வழி

கிராமத்து மாணவருக்கு இதுதான் தலையாய முடிவு, ஆனால் இதற்குத்தான் யாரும் நேரம் ஒதுக்குவதில்லை. பல அரசுக் கல்லூரிகளில் காலை, மாலை என்று இரண்டு ஷிப்ட் உண்டு. காலை ஷிப்ட் ஏறத்தாழ எட்டரை ஒன்பதுக்குத் தொடங்கி மதியம் முடியும். இரண்டாம் ஷிப்ட் மதியம் தொடங்கி மாலை ஆறு வரை போகும். ஒரே பாடம் இரண்டு ஷிப்டிலும் இருந்தால் அவை தனித்தனி விருப்பங்கள்.

விண்ணப்பிக்கும் முன் ஒரு வேலைநாளில் உங்கள் ஊர் நிறுத்தத்திலிருந்து கல்லூரி வாசல் வரை உண்மையாகவே போய்வாருங்கள். காலை முதல் பேருந்து எத்தனை மணிக்கு, அது வராத நாளில் அடுத்தது எப்போது, மாலை கடைசிப் பேருந்து எப்போது என்று நடத்துநரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பேருந்து நிலையத்திலிருந்து கல்லூரி மூன்று நான்கு கிலோமீட்டர் தள்ளி இருப்பது சாதாரணம், அந்த நடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்தல் என்றால், கணக்கு இப்படி. ஒரு செமஸ்டருக்கு 90 வேலைநாள், நாளுக்கு ஐந்து மணி நேரம் என்றால் 450 மணி நேரம். பேருந்து தாமதத்தால் தினமும் முதல் வகுப்பு மட்டும் போனால் 90 மணி நேரம், அதாவது 20 சதவீதம் காலி. 75 சதவீதம் கட்டாயம் என்பதால் மிச்சம் 5 சதவீதம். காய்ச்சல், திருவிழா, அறுவடை எல்லாவற்றுக்கும் சேர்த்து சுமார் 22 மணி நேரம்தான். அரை நாள் கணக்கில் வருகை பதியும் கல்லூரிகளில் நிலைமை இன்னும் மோசம். ஆகவே காலை முதல் பேருந்து பத்து மணிக்குத்தான் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்றால், பிடித்த பாடம் காலையில் இருந்தாலும் மாலை ஷிப்டைப் பாருங்கள். மாலை கடைசிப் பேருந்து ஐந்தரைக்கே போய்விடும் என்றால் நேர்மாறாக. இரண்டும் ஒத்துவராவிட்டால் விடுதி.

அடுத்தது பயிற்றுமொழி. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2010ஆம் ஆண்டுச் சட்டம், 2020இல் திருத்தப்பட்ட பிறகு, அந்தப் பணிக்கு வேண்டிய கல்வித்தகுதி வரை முழுவதையும் தமிழிலேயே படித்திருக்க வேண்டும் என்கிறது. பட்டம் தகுதியாக உள்ள குரூப் 2 போன்ற தேர்வுகளுக்கு, பள்ளி முழுவதும் தமிழில் படித்துவிட்டுப் பட்டத்தை மட்டும் ஆங்கில வழியில் படித்தால் அந்த உரிமை போய்விடும். அரசுப் பணிதான் குறி என்றால், வரலாறு, பொருளியல், கணிதம் போன்றவற்றைத் தமிழ் வழியில் எடுப்பதே நல்லது. தனியார் வேலை, கணினித் துறை என்றால் ஆங்கில வழிக்குத் தயங்க வேண்டாம்.

கலந்தாய்வு நாள்

முதலில் மாற்றுத்திறனாளிகள், விளையாட்டு வீரர்கள், முன்னாள் படைவீரர் பிள்ளைகள் போன்ற சிறப்புப் பிரிவினருக்கு நடக்கும். பிறகு பொதுக் கலந்தாய்வு. இடங்கள் 69 சதவீத இட ஒதுக்கீட்டின்படி நிரப்பப்படும். அழைத்த நாளில் நேரில் இல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போகும். விண்ணப்பப் படிவம், மாற்றுச் சான்றிதழ், பத்து, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள் (பதினொன்றில் பொதுத்தேர்வு எழுதியிருந்தால் அதுவும்), சாதிச் சான்றிதழ், ஆதார், புகைப்படங்கள், பாஸ்புக் நகல் எல்லாம் கையில் இருக்கட்டும். அசல்களைக் கல்லூரியே வாங்கி வைத்துக்கொள்வது உண்டு. கொடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, பத்துப் பத்து நகல் எடுத்து வையுங்கள். பின்னால் விடுதிக்கும் உதவித்தொகைக்கும் அலையும்போது அசல் கையில் இருக்காது. கட்டணம் அதிகமில்லை, ஆனால் அன்றே கட்டச் சொல்லலாம். பணத்தோடு போங்கள்.

மாதம் ஆயிரம் ரூபாய் வரவேண்டுமானால்

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் முதலும், மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் முதலும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. கல்லூரியில் இதற்கென ஒரு பொறுப்பாசிரியர் இருப்பார். பள்ளியில் கொடுத்த மாணவர் அடையாள எண்ணான எமிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு அவரிடம் போங்கள். சேர்ந்ததும் கல்லூரி மாணவர் அடையாள எண்ணான யுமிஸ் எண் உருவாகிவிட்டதா என்று அவரிடமே கேளுங்கள்.

பணம் வராததற்கு முக்கியக் காரணம் வங்கியில் இருக்கிறது. ஆதாரைக் கணக்கில் சேர்ப்பது ஒன்று, அரசுப் பணம் எந்தக் கணக்குக்குப் போக வேண்டும் என்று என்பிசிஐ (வங்கிகளுக்கிடையே பணம் அனுப்பும் தேசிய அமைப்பு) பதிவில் இருப்பது வேறொன்று. ஓர் ஆதாருக்கு அந்தப் பதிவில் ஒரே ஒரு கணக்குதான். சிம் வாங்கிய இடத்தில் கைநாட்டு வைத்துத் திறந்த கணக்கு கடைசியாக இணைந்திருந்தால் ஆயிரம் ரூபாயும் அங்கேதான் போகும். ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலை என்ற பகுதியில் எந்த வங்கியின் பெயர் வருகிறது என்று பாருங்கள். வேறு பெயர் வந்தால், வேண்டிய வங்கிக்குப் போய் ‘என்பிசிஐ சீடிங்’ என்று கேட்டுப் படிவம் கொடுங்கள். பள்ளி நாளில் திறந்து வரவு செலவே இல்லாமல் முடங்கிய கணக்கையும் அப்போதே உயிர்ப்பித்துவிடுங்கள்.

பிற்படுத்தப்பட்டோர் நலத் துறையின் விடுதிகளில் (2025இல் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாறின) உணவும் தங்குமிடமும் இலவசம். வீடு கல்லூரியிலிருந்து 8 கிலோமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும் என்ற விதி மாணவியருக்குப் பொருந்தாது. முகாம்வாழ் இலங்கைத் தமிழர் பிள்ளைகளுக்கும் இந்த விடுதிகளில் இடம் உண்டு. சாதி, வருமானச் சான்றுகளைச் சேரும்போது கொடுத்தால் போதும் என்பதால், சான்று வரட்டும் என்று காத்திருக்காமல் விடுதிக் காப்பாளரிடம் விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.

தேர்வும் அரியரும்

பல பல்கலைக்கழகங்களில், கல்லூரியே போடும் இன்டர்னல் மதிப்பெண் 25, செமஸ்டர் தேர்வு 75. மொத்தம் 40 எடுத்தால் தேர்ச்சி என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் நிறைய. எழுத்துத் தேர்வில் மட்டுமே 75க்கு 30 வேண்டும். இன்டர்னலில் 25க்கு 25 வாங்கி, தேர்வில் 28 எடுத்தால் கூட்டினால் 53, ஆனாலும் அரியர்தான். தாமே தேர்வு நடத்தும் தன்னாட்சிக் கல்லூரிகளில் பங்கீடு மாறும். முதல் வாரத்திலேயே துறையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தமிழ் வழி மாணவர்கள் அதிகம் தடுக்கி விழுவது எல்லோருக்கும் பொதுவான ‘பகுதி இரண்டு’ ஆங்கிலத் தாளில். பெரும்பாலும் முதல் நான்கு செமஸ்டரிலும் வரும். முதல் செமஸ்டரில் விட்டால் மேலே மேலே குவியும். கல்லூரி நூலகத்தில் பழைய வினாத்தாள்கள் ஐந்தாறு வாங்கிப் பாருங்கள். கடிதம், பத்தி வாசித்து விடையளித்தல் போன்றவை திரும்பத் திரும்ப வரும். அந்தப் பகுதிகளை எழுதிப் பழகினாலே 30ஐத் தாண்டலாம்.

வருகை 65 முதல் 75க்குள் இருந்தால், தக்க காரணம் காட்டி, கட்டணம் செலுத்தித் தேர்வு எழுத வழியுண்டு. மருத்துவமனைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள், காய்ச்சல் வந்த வாரத்திலேயே துறைத்தலைவரிடம் நகல் கொடுங்கள். மாதக் கடைசியில் கொடுத்தால் நம்பமாட்டார்கள். வருகை 65க்கும் கீழே போனால் அந்தத் தேர்வை அப்போது எழுத முடியாது. 50க்கும் குறைந்தால் அந்தச் செமஸ்டரையே மறுபடி படிக்க வேண்டியிருக்கும்.

திருமணம், அப்பாவின் உடல்நலம், வேலை என்று ஏதோ ஒன்றால் நிறுத்தத்தான் வேண்டும் என்ற நிலை வந்தாலும், டிசி (மாற்றுச் சான்றிதழ்) வாங்கிக்கொண்டு போய்விடாதீர்கள். நடக்கும் செமஸ்டரின் வருகையை முடித்து, தேர்வுக் கட்டணத்தையும் கட்டிவிட்டு நில்லுங்கள். அப்போதுதான் அடுத்த ஆண்டு மறுசேர்க்கை கேட்டு, விட்ட இடத்துக்கு அடுத்த செமஸ்டரில் சேர முடியும். இடையில் நிறுத்தினால் பழைய செமஸ்டரிலிருந்தே தொடங்கச் சொல்வார்கள். மறுசேர்க்கை விண்ணப்பம் துறைத்தலைவர் கையெழுத்தோடு முதல்வர் வழியாகப் பல்கலைக்கழகத்துக்குப் போகும். செமஸ்டர் தொடங்கும் முன்பே கொடுத்துவிட வேண்டும்.