ஐடல் வெற்றியாளரின் முதல் பாடலைப் பாடிப் பழகும் முறை

2002 செப்டம்பர் 4 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியான அமெரிக்கன் ஐடலின் முதல் பருவத்தில் வென்ற கெல்லி கிளார்க்சன், அன்றிரவே கண்கலங்கிப் பாடிய 'எ மொமன்ட் லைக் திஸ்', அமெரிக்காவின் வாராந்தரப் பாடல் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 52ஆம் இடத்திலிருந்து ஒரே வாரத்தில் முதலிடத்துக்குத் தாவி, 1964இல் 27ஆம் இடத்திலிருந்து தாவிய பீட்டில்ஸ் இசைக்குழுவின் சாதனையை முறியடித்தது. இப்பாடலை எடுத்துக்கொள்வோர் பெரும்பாலும் முதல் வரியிலேயே முழுக் குரலையும் கொட்டிவிடுகிறார்கள். அதுதான் பெரிய பிழை.

முதலில், இறுதியில் வரும் பல்லவியைத் தனியே எடுத்துப் பாடிப் பாருங்கள், ஏனெனில் சுருதி உயர்ந்து நிற்கும் அந்த இடம் உங்கள் தொண்டைக்கு எட்டுகிறதா என்பதைப் பொறுத்தே தொடக்கச் சுருதியைத் தீர்மானிக்க வேண்டும். கழுத்து நரம்பு புடைத்தால், கரோக்கி இசையை அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறக்கிக்கொள்வதில் குறைவொன்றும் இல்லை.

பிறகு வரிகளை அச்சிட்டு, மூச்செடுக்கும் இடங்களைப் பென்சிலால் குறியுங்கள். கண்ணாடி முன் நின்று பாடும்போது தோள் மேலெழுந்தால் மூச்சு நெஞ்சளவிலேயே நிற்கிறது என்று பொருள். வயிற்றில் கை வைத்து, அது விரிவதை உணரும்வரை பொறுமையாகத் திரும்பச் செய்யுங்கள். சரணத்தை அருகில் இருப்பவரிடம் பேசுவதுபோல் மெல்லப் பாடினால்தான் பல்லவி மலரும்.

2006இல் பிரிட்டனின் பாட்டுப் போட்டியான எக்ஸ் ஃபேக்டரை வென்ற லியோனா லூயிஸும் இதையே தம் முதல் தனிப்பாடலாக வெளியிட்டார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டு, நீட்டும் இடங்களை ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.