நாற்றோடு சேற்றில் இறங்கும் முன்: கடலோர மீட்பு வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு நடவுப் பருவத்திலும் புதுக் குழுக்கள் வருகின்றன. ஆர்வத்துக்குக் குறைவே இல்லை. தவறுகளும் மாறவில்லை, முன்பு நாங்கள் செய்தவையேதான். தொப்பி போடு, தண்ணீர் எடுத்துக்கொள், நாற்றுப் பையைக் கிழித்துவிட்டு நடு என்பதையெல்லாம் முதல் நாளே யாராவது சொல்லிவிடுவார்கள். யாரும் சொல்லாமல் விடுவதை மட்டும் எழுதுகிறேன். கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்திக் காடுதான் அதிகம் வரும், தண்ணீருக்கடியில் வளரும் கடற்புல் கொஞ்சம்.

துறைமுக அட்டவணையை நம்பி ஓடைக்குள் போவது

கடல் ஏறி வற்றும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணையில் இருப்பது துறைமுகத்து நேரம். வளைந்து வளைந்து உள்ளே போகும் ஓடையில் தண்ணீர் வற்ற அதற்கு மேலும் நேரமாகும், சில இடங்களில் ஒரு மணி நேரம் தாண்டும். காற்று கடலிலிருந்து அடித்தால் இன்னும் மோசம். அப்புறம், வாராவாரம் ஒரே நேரத்துக்கு ஆள் கூப்பிடும் இந்தப் பழக்கம். ஓதம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகிறது. நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம் வரும் கரையில், இந்தச் சனிக்கிழமை காலை 7 மணிக்கு வற்றம் என்றால் அடுத்த சனிக்கிழமை அதே 7 மணிக்கு ஏறக்குறைய முழு ஏற்றம். மாதம் முழுக்க ஒரே நேரத்தைப் போட்டு ஆள் கூப்பிட்டால் பாதி நாள் கரையில் உட்கார்ந்து பேசிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நன்றாக வற்றும். அட்டமி, நவமியில் நாற்றங்கால் வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

காலியாகக் கிடக்கிறதே என்று சேற்றுவெளியில் நடுவது

இதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை. வற்ற நேரத்தில் பரந்து கிடக்கும் சேற்றைப் பார்த்ததும் "எவ்வளவு இடம் சும்மா கிடக்குது பாருங்க!" என்பார்கள். அது சும்மா கிடக்கவில்லை. புழு, சிப்பி, நண்டு, அவற்றைத் தின்ன வரும் உள்ளான் பறவைகள் என்று அது ஒரு முழு வாழிடம். அங்கே இதுவரை அலையாத்தி முளைக்கவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

காரணம் பெரும்பாலும் உயரம். அலையாத்திகள் சராசரிக் கடல் மட்டத்திலிருந்து பெரிய ஏற்றம் தொடும் உயரம் வரையிலான பட்டையில் வளர்பவை. ஃபுளோரிடாவில் பல காலம் இந்த மீட்பு வேலையில் இருந்த ராபின் லூயிஸ் திரும்பத் திரும்பச் சொன்னதும் இதுதான்: மொத்த நேரத்தில் சுமார் 30 சதவீதம் அல்லது அதற்கும் குறைவாகவே தண்ணீர் மூடும் இடம் அவற்றுக்கு வேண்டும். கீழே இருக்கும் சேற்றுவெளியில் நாற்று நாளின் பெரும்பகுதி முழுகிக் கிடக்கும். இலையில் வண்டல் படியும், தண்டில் கொட்டலசு என்ற ஓடுள்ள சிறு உயிரி ஒட்டும், அந்தக் கனத்தோடு அலையும் ஆட்டும்போது இளம் வேர் தாங்காது.

ஒரு குழு கயிறு பிடித்து, வரிசை பிசகாமல் சுரபுன்னை என்ற அலையாத்தி வகையை நட்டுக்கொண்டிருந்தது. மட்டம் பார்த்தீர்களா என்று கேட்டேன். "இந்த இடத்துலதான் யாரும் ஆட்சேபம் சொல்ல மாட்டாங்க சார்" என்றார் பொறுப்பாளர். உண்மைதான். கைவிட்ட இறால் குளத்துக்கு உரிமையாளர் உண்டு, வழக்கு உண்டு, சேற்றுவெளிக்கு இரண்டும் இல்லை. மழைக்காலம் முடிந்து போய்ப் பார்த்தபோது வரிசை அப்படியே நின்றது, வெறும் குச்சிகளாக, அடி முதல் பாதி வரை கொட்டலசு அப்பிக்கொண்டு. அடுத்த நிதி வந்ததும் அதே இடத்தில் மறுபடி நட்டார்கள்.

இது ஒரு கரையின் கதை இல்லை. பிலிப்பைன்ஸில் பெரும் பணம் கொட்டிப் பல ஆண்டுகள் நட்ட பிறகும், நீண்ட காலத்தில் பிழைத்தவை பொதுவாக 10 முதல் 20 சதவீதம்தான் என்று ஆய்வாளர்கள் பிரிமவேராவும் எஸ்டபனும் 2008இல் எழுதினார்கள். இயற்கையாக முன்வரிசையில் நிற்கும் வெண்கண்டல் போன்ற அலையாத்திகளின் இடத்தில், மரத்திலேயே முளைவிட்ட நீண்ட காயை, அதாவது முளைக்காயை, சேற்றில் குத்தினால் போதும் என்ற வசதிக்காகச் சுரபுன்னை இனத்தை நட்டதும், கடற்புல் மேட்டின் மேலேயே நட்டதும் அங்கே நடந்தது. ஒரு வாழிடத்தை உண்டாக்க இன்னொன்றை அழிப்பதற்கு மீட்பு என்று பெயர் வைப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

சரி, எப்படிப் பார்ப்பது? பெரிய கருவி வேண்டாம். பக்கத்தில் இருக்கும் இயற்கைக் காட்டின் ஓரத்தில், தானாக முளைத்து ஒன்றிரண்டு வருடம் தாண்டிய கன்றைத் தேடுங்கள். அது நிற்கும் தரை மட்டத்தை கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாய்) மூலம் நடவு இடத்துக்குக் கடத்துங்கள். குழாய்க்குள் ஒரு காற்றுக்குமிழி இருந்தாலும் அளவு பொய். விரலால் சுண்டிச் சுண்டி வெளியேற்றி, இரு முனையிலும் தண்ணீர் ஆடாமல் நின்ற பிறகு குறியுங்கள். கடல் மட்டமே பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கும் என்பதால், அமைதியான மாதத்தில் ஒரு நாள் போய்ப் பார்த்த "இவ்வளவுதான் ஏறும்" என்ற கணக்கை நம்பாதீர்கள். உயரம் சரியாக இருந்தும் எதுவும் முளைக்கவில்லையா? கரையோ சாலையோ ஓதத்தை மறிக்கிறதா என்று பாருங்கள். அதை வெட்டிவிட்டு, அருகில் தாய்மரங்களும் இருந்தால், விதை தண்ணீரோடு தானே வரும். நடவே தேவைப்படாமல் போகலாம். புகைப்படத்துக்கு அது உதவாது என்பதுதான் சிக்கல்.

விதைக் காலத்தை நாட்காட்டியில் தேடுவது

மரத்தைப் பாருங்கள். சுரபுன்னையின் முளைக்காய் முற்றினால் தொப்பி போன்ற மேல்பகுதிக்குக் கீழே ஒரு வளையம் தெரியும், தொட்டால் கழன்றுவிடும். இழுத்துப் பிய்க்க வேண்டியிருந்தால் இன்னும் பிஞ்சு. முற்றியதை நிழலில் ஈரமாகச் சில நாள் வைக்கலாம். வெண்கண்டல் விதை அப்படிக் காத்திருக்காது, பொறுக்கிய கையோடு வேலையை முடிக்க வேண்டும்.

கடற்புல்லைக் கோடையில் பிடுங்கி நடுவது

வேண்டாம். வெப்பமும் இடமாற்றமும் சேர்ந்தால் அது தாங்குவது கஷ்டம். அமெரிக்காவின் வர்ஜீனியா கரையில் வசந்த முடிவில் விதைக்கதிர்களைச் சேகரித்து, கடல்நீர் ஓடும் தொட்டிகளில் காத்து, இலையுதிர்காலத்தில் விதைத்தார்கள். 1999 முதல் 7 கோடிக்கு மேல் விதை, விதைத்த பரப்பு சுமார் 200 ஹெக்டேர். மீதியைப் புல்லே பார்த்துக்கொண்டு 3,600 ஹெக்டேர் வரை பரவியது.

ஆளுக்கொரு வழியாக நடப்பது

ஒரே தடம். எல்லோரும்.

குச்சி, கயிறு, பைகள்

எண்ணிக் கொண்டுபோய், எண்ணி எடுத்து வாருங்கள்.

மறு மாதமே பிழைப்பு விகிதம் எடுப்பது

சுரபுன்னை முளைக்காய் தன் கட்டையில் இருக்கும் சேமிப்பை வைத்தே மாதக்கணக்கில் பச்சையாக நிற்கும். அப்போது எண்ணினால் எந்த நடவும் வெற்றிதான். மழைக்காலம் ஒன்று கழிந்து ஒரு முறை, மூன்றாம் வருடம் ஒரு முறை எண்ணுங்கள். எண்ணும்போது செத்தது எத்தனை என்பதோடு எந்த மட்டத்தில் செத்தது என்றும் எழுதுங்கள், அடுத்த பருவத்தில் நடவுக் கோட்டை எங்கே போடுவது என்று அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.