மாட்யூல் லோட் ஆகலயா? முதல்ல டிமெஸ்ஜி பாருங்க

லினக்ஸ்ல கர்னல் (சிஸ்டத்தோட மையப் பகுதி) அப்டேட் ஆகி ரீபூட் பண்ணதும் வைஃபை காணோம், இல்ல சவுண்ட் போச்சு, மாட்யூல (கர்னல்ல தேவைப்படும்போது சொருகுற துண்டு, பெரும்பாலும் டிரைவர்) ஏத்துற மாட்ப்ரோப் கமாண்ட அடிச்சா ஒத்த வரில ஏதோ எரர் காட்டிட்டு நிக்குது. அப்ப நிறைய பேரு அந்த ஒத்த வரிய அப்படியே தேடி, கண்ணுல பட்ட கமாண்டையெல்லாம் சூடோ (அட்மின் அதிகாரம்) போட்டு அடிக்கிறாங்க. தயவுசெஞ்சு அது வேணாம். டெர்மினல்ல வர்றது பெரும்பாலும் கர்னல் திருப்பி அனுப்புன எரர் நம்பரோட பேரு மட்டும்தான், ஏன் முடியலங்கிற காரணம் கர்னல் லாக்ல தனியா கிடக்கும், அதக் காட்டுறதுதான் டிமெஸ்ஜி கமாண்ட்.

அதனால ரெண்டு டெர்மினல் திறந்து வச்சுக்கங்க. ஒண்ணுல சூடோ டிமெஸ்ஜி, கூட ஹைஃபன் போட்டு சின்ன டபிள்யூ, அப்படியே ஓடிட்டு இருக்கட்டும். இன்னொண்ணுல மாட்ப்ரோப் அடிங்க. அடிச்ச நொடில முதல் டெர்மினல்ல என்ன புது வரி விழுதோ அதுதான் நமக்கு வேணும்.

எனக்கு நடந்தத சொல்றேன். கையால கம்பைல் பண்ணி வச்சிருந்த ஒரு வைஃபை டிரைவர், அப்டேட்டுக்கு அப்புறம் "இன்வாலிட் மாட்யூல் ஃபார்மேட்"னு சொல்லிருச்சு. ஃபைல் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு திரும்ப டவுன்லோட் பண்ணி, திரும்ப இன்ஸ்டால் பண்ணி, அரை நாள் போச்சு. டிமெஸ்ஜில பாத்தா "வெர்ஷன் மேஜிக் 6.6.8 எஸ்எம்பி ப்ரீஎம்ப்ட்... ஷுட் பி 6.6.10"னு தெளிவா இருக்கு. அதாவது மாட்யூல் பழைய கர்னலுக்கு கட்டுனது, ஓடுறது புதுசு, அவ்ளோதான். மாட்இன்ஃபோ கூட மாட்யூல் பேரு அடிச்சா வெர்மேஜிக்னு ஒரு வரி (எந்தக் கர்னலுக்கு கட்டுனதுன்னு) வரும், அதையும் யூநேம் ஹைஃபன் ஆர் காட்டுற, ஓடுற கர்னலோட வெர்ஷனையும் பக்கத்துல வச்சுப் பாத்தாலே தெரிஞ்சிரும். சில டிஸ்ட்ரோல (லினக்ஸ் வகைகள்ல) இதுக்குப் பதிலா "டிஸ்அக்ரீஸ் அபௌட் வெர்ஷன் ஆஃப் சிம்பல்"னு வரும், வியாதி ஒண்ணுதான். ஓடுற கர்னலோட ஹெடர்ஸ் பேக்கேஜ் (மாட்யூல் கட்டத் தேவையான ஃபைல்கள்) போட்டு மறுபடி பில்ட் பண்ணணும். டிகேஎம்எஸ்ங்கிற டூல் வச்சிருந்தா அதுவே ஒவ்வொரு அப்டேட்டுக்கும் பில்ட் பண்ணிக்கும், ஆனா ஹெடர்ஸ் இல்லன்னா அதாலயும் முடியாது, டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் அடிச்சு புது கர்னலுக்கு இன்ஸ்டால்டுன்னு இருக்கான்னு பாருங்க. பில்டே ஃபெயில் ஆயிருந்தா /வார்/லிப்/டிகேஎம்எஸ் உள்ள மேக்.லாக்னு ஒரு ஃபைல் இருக்கும், அதுல முதல்ல வர்ற எரரப் படிங்க, கடைசி எரர் பெரும்பாலும் அதோட பின்விளைவுதான்.

"மாட்யூல் நாட் ஃபவுண்ட்"னு வந்தா /லிப்/மாட்யூல்ஸ் உள்ள யூநேம் காட்டுற அதே பேர்ல ஃபோல்டர் இருக்கான்னு பாக்கணும். கர்னல அப்டேட் பண்ணிட்டு ரீபூட் பண்ணாம விட்டா சில டிஸ்ட்ரோல பழைய ஃபோல்டர் அழிஞ்சிருக்கும், ஓடுறதோ இன்னும் பழைய கர்னல், பென்டிரைவ் சொருகுனா கூட எடுக்காது. ரீபூட்தான் மருந்து. ஃபைல நீங்களே கொண்டுபோய் அங்க வச்சீங்கன்னா டெப்மாட் ஹைஃபன் ஏ ஒரு தடவ அடிக்கணும், இல்லன்னா மாட்ப்ரோப்புக்கு அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது.

"அன்நோன் சிம்பல்"னா (மாட்யூல் தேடுற ஃபங்ஷன் பேரு கர்னல்ல கிடைக்கல) முக்கால்வாசி நேரம் இன்ஸ்மாட் அடிச்சிருப்பீங்க. இன்ஸ்மாட் கொடுத்த ஒரு ஃபைல மட்டும் தூக்கி உள்ள போடும், அதுக்கு முன்னாடி வேற எந்த மாட்யூல் வேணும்னு பாக்காது. மாட்ப்ரோப் அந்த லிஸ்ட்ட மாட்யூல்ஸ்.டெப் ஃபைல்ல பாத்து வரிசையா ஏத்தும். டெஸ்ட் பண்றதத் தவிர இன்ஸ்மாட் தேவையே இல்ல, இது என் கருத்து.

"கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்", "ரிக்வயர்ட் கீ நாட் அவைலபிள்", இது ரெண்டும் கையெழுத்துப் பிரச்சன. செக்யூர் பூட் (கையெழுத்து சரியா இருக்கிற மென்பொருள மட்டும் பூட்ல விடுற பாதுகாப்பு) ஆன்ல இருக்கு, மாட்யூல்ல கர்னல் நம்புற கையெழுத்து இல்ல. பயாஸ்ல போய் செக்யூர் பூட்ட ஆஃப் பண்ணுன்னு எல்லாரும் சொல்வாங்க, அது உங்க மெஷினோட பூட் பாதுகாப்பக் கழட்டி வைக்கிற மாதிரி. சொந்தமா ஒரு கீ செஞ்சு, மாட்யூல சைன் பண்ணி, மோக்யூட்டில் இம்போர்ட் (அந்தக் கீய நம்புற லிஸ்ட்ல சேக்கச் சொல்றது) அடிச்சு ஒரு பாஸ்வேர்ட் குடுத்து ரீபூட் பண்ணுங்க. பூட் ஆகறப்ப ஒரு நீலத் திரை வரும், அதுல என்ரோல் எடுத்து அதே பாஸ்வேர்ட் போடணும். அந்தத் திரை கொஞ்ச நேரம்தான் நிக்கும், கீபோர்ட் பக்கத்துலயே இருங்க.

எரரே இல்லாம லோட் ஆயிருது, ஆனா டிவைஸ் வேல செய்யலன்னா எல்எஸ்பிசிஐ ஹைஃபன் கே அடிங்க. ஒவ்வொரு கார்டுக்கும் கீழ "கர்னல் டிரைவர் இன் யூஸ்"னு ஒரு வரி, "கர்னல் மாட்யூல்ஸ்"னு ஒரு வரி வரும். ரெண்டாவது மட்டும் இருந்து முதலாவது இல்லன்னா மாட்யூல் இருக்கு, ஆனா கார்ட பிடிக்கல. அப்ப டிமெஸ்ஜில ஃபர்ம்வேர்ங்கிற வார்த்தையத் தேடுங்க (கார்டுக்குள்ள ஏத்துற சின்ன ப்ரோக்ராம் அது), கூடவே எரர் -2 இருந்தா அந்த ஃபைலே இல்லன்னு அர்த்தம், ஃபர்ம்வேர் பேக்கேஜ் போட்டா போதும். லோட் ஆன மாட்யூல் லிஸ்ட் காட்டுற எல்எஸ்மாட்ல பேரு வரலன்னு உடனே பயப்படவும் வேணாம், கர்னலுக்குள்ளயே சேத்து கட்டுனது அதுல வராது, மாட்யூல்ஸ்.பில்டின் ஃபைல்ல இருக்கும்.

மாட்யூல கழட்டும்போது "இன் யூஸ்"னு வந்தா எல்எஸ்மாட்ல கடைசி நெடுவரிசையப் பாருங்க. அங்க வேற மாட்யூல் பேரு இருந்தா அத முதல்ல கழட்டணும். நம்பர் மட்டும் இருந்து பேரு இல்லன்னா ஏதோ ஒரு ப்ரோக்ராம் டிவைஸ திறந்து வச்சிருக்கும், கேமரான்னா வீடியோ கால் ஆப்ப மூடிப் பாருங்க. கழட்டுற கமாண்டான ஆர்எம்மாட்டுக்கு ஃபோர்ஸ் குடுக்காதீங்க, மெஷின் அப்படியே ஃப்ரீஸ் ஆகலாம், சேவ் பண்ணாத வேலையும் போயிரும்.

கடைசியா பிளாக்லிஸ்ட், அதாவது ஒரு மாட்யூல் லோட் ஆகாம தடுக்கிறது. /இடிசி/மாட்ப்ரோப்.டி உள்ள பிளாக்லிஸ்ட்னு போட்டு மாட்யூல் பேர எழுதுனா ஹார்ட்வேரப் பாத்து தானா லோட் ஆகறது மட்டும்தான் நிக்கும், வேற மாட்யூல் இத டிபெண்டன்சியா கேட்டா வந்து உக்காந்துரும். முழுசா தடுக்கணும்னா அதே ஃபைல்ல இன்ஸ்டால்னு போட்டு, மாட்யூல் பேரு, அப்புறம் /பின்/ஃபால்ஸ்னு ஒரு வரி சேக்கணும். அப்படியும் பூட்ல வருதுன்னா இனிட்ராம்எஃப்எஸ்குள்ள (பூட் ஆரம்பத்துல ஏறுற சின்ன ஃபைல் சிஸ்டம்) பழைய செட்டிங் உக்காந்திருக்கு, டெபியன், உபுண்டுல அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் ஹைஃபன் யூ, ஃபெடோரால டிராகட் ஹைஃபன் எஃப் அடிச்சிட்டு ரீபூட் பண்ணிப் பாருங்க.