அம்புக்குறி மனப்பாடம் இல்லாமல் தனிம வரிசை அட்டவணை

தனிம வரிசை அட்டவணையின் தொடரில் (கிடை வரிசையில்) இடமிருந்து வலம் போனால் அணு ஆரம் குறையும், தொகுதியில் (செங்குத்து வரிசையில்) மேலிருந்து கீழே வந்தால் கூடும். இதை அம்புக்குறி போட்டு மனப்பாடம் செய்தவர்கள்தான் தேர்வு அறையில் அம்பு எந்தப் பக்கம் என்று குழம்புவார்கள். நானும் குழம்பியிருக்கிறேன். இப்போதெல்லாம் எந்தத் தனிமத்துக்கும் இரண்டு எண்களைத்தான் பார்க்கிறேன்.

படி 1: எலக்ட்ரான்களைக் கூடு வாரியாக எழுதுங்கள். சோடியம் 2, 8, 1. குளோரின் 2, 8, 7. பொட்டாசியம் 2, 8, 8, 1. கூடுகளின் எண்ணிக்கைதான் முதல் எண்.

படி 2: அணு எண்ணிலிருந்து உள்கூடுகளில் உள்ள எலக்ட்ரான்களைக் கழியுங்கள். சோடியம் 11 − 10 = 1. குளோரின் 17 − 10 = 7. பொட்டாசியம் 19 − 18 = 1. உள்ளே இருப்பவை அணுக்கருவை மறைத்துவிடுவதால், வெளிக்கூட்டு எலக்ட்ரானுக்கு எட்டும் இழுப்பு ஏறக்குறைய இவ்வளவுதான். இதுதான் இரண்டாவது எண். துல்லியமான கணக்கில்லை, ஒரே கூட்டில் இருப்பவையும் ஒன்றையொன்று கொஞ்சம் மறைக்கும். ஆனால் ஒப்பிட இது போதும்.

படி 3: இப்போது ஆரத்தைப் பாருங்கள். சோடியம், குளோரின் இரண்டுக்கும் மூன்று கூடுகள். இழுப்பு மட்டும் 1, 7. அதனால் சோடியம் 186 பிக்கோமீட்டர், குளோரின் வெறும் 99. (முதலாவது உலோக ஆரம், அடுத்தது சகப்பிணைப்பு ஆரம், அளக்கும் முறை வேறு என்றாலும் போக்கு இதுதான்.) பொட்டாசியத்துக்கு அதே இழுப்பு 1, ஆனால் ஒரு கூடு அதிகம்: 227.

படி 4: தூரமாகவும் பிடி தளர்வாகவும் இருக்கும் எலக்ட்ரானைப் பிடுங்குவது சுலபம். அப்படிப் பிடுங்கத் தேவைப்படும் அயனியாக்கும் ஆற்றல் சோடியத்துக்கு மோலுக்கு 496 கிலோஜூல், பொட்டாசியத்துக்கு 419. எலக்ட்ரான் கவர்தன்மையும் (பிணைப்பில் இருக்கும் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கும் திறன்) இதே கதைதான்: இரண்டே கூடு, இழுப்பு 7 என்று இருக்கும் ஃபுளூரின் பாலிங் அளவீட்டில் 3.98 பெற்று முதலிடத்தில் நிற்கிறது.

படி 5: எல்லோரும் வழுக்கி விழும் இடம். நைட்ரஜனின் அயனியாக்கும் ஆற்றல் 1402, அதற்கு வலப்பக்கம் இருக்கும் ஆக்சிஜனுக்கு 1314. இழுப்பு 5-லிருந்து 6 ஆவதால் கூடியிருக்க வேண்டும், குறைந்திருக்கிறது! இரண்டாவது கூட்டுக்குள் எலக்ட்ரான்கள் உட்காரும் இடங்களான ஆர்பிட்டால்களில் 2எஸ் ஒன்று, 2பி மூன்று. நைட்ரஜனில் ஆளுக்கொன்றாக மூன்று எலக்ட்ரான்கள் உட்கார்ந்துவிடுகின்றன. ஆக்சிஜனின் நான்காவது எலக்ட்ரான் ஏற்கெனவே ஒன்று இருக்கும் இடத்தில் நெருக்கியடித்து உட்கார வேண்டியிருக்கிறது. இரண்டும் எதிர்மின்சுமை, விலக்கிக்கொள்ளும். அப்புறம் அதில் ஒன்றை வெளியேற்றுவது எளிதாகிவிடுகிறது. பெரிலியத்திலிருந்து போரானுக்கு வரும்போதும் 899 என்பது 801 ஆக இறங்கும். அங்கே காரணம் வேறு: போரானின் கடைசி எலக்ட்ரான் 2எஸ்ஸைவிட ஆற்றல் கூடிய 2பி-யில் இருக்கிறது.

சரி, ஒரு பயிற்சி. ஆக்சைடு, ஃபுளூரைடு, சோடியம், மெக்னீசியம் ஆகிய நான்கு அயனிகளிலும் (எலக்ட்ரானைப் பெற்ற அல்லது இழந்த அணுக்கள்; ஆக்சைடு ஆக்சிஜனின் அயனி, ஃபுளூரைடு ஃபுளூரினின் அயனி) 10 எலக்ட்ரான்களே. எது பெரியது? கூடும் சமம், மறைப்பும் சமம். புரோட்டான்களை மட்டும் எண்ணுங்கள்: 8, 9, 11, 12. ஆக்சைடுதான் பெரியது, மெக்னீசியம் அயனி சிறியது.